நடுவில் நிற்கும் காற்று

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைக்குள் ஏறினால், காட்டுக்கு நடுவே தொலைநோக்கிகளின் குவிமாடங்கள் தலைநீட்டும். அதுதான் காவலூர். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். மலைவாசஸ்தலம் என்று பெருமையடித்துக்கொள்ளக்கூடப் போதாது. 1972-இல் அங்கே புதிதாக ஒரு தொலைநோக்கி வந்து சேர்ந்தது. கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில், கார்ல் ஸைஸ் தொழிற்சாலையில் செய்தது. கண்ணாடியின் விட்டம் ஒரு மீட்டர். வந்த ஆண்டே அதற்கு ஒரு வேலை காத்திருந்தது. ஜூன் 7 அன்று, வியாழனின் மிகப் பெரிய நிலவான கானிமீட், தனுசு ராசித் திசையில் உள்ள ஒரு விண்மீனின் குறுக்கே போகிறது. சில நிமிடங்களுக்கு அந்த விண்மீன் மறையும். அந்த மறைப்பின் நிழல் பூமியில் எல்லா இடத்திலும் விழாது. விழுகிற இடங்களில் தென்னிந்தியாவும் ஜாவா தீவும் இருந்தன.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கானிமீடில் காற்று உண்டா?

எதிர்வீட்டுத் திண்ணையில் விளக்கு எரிகிறது. குறுக்கே ஓர் ஆள் வந்து நின்றால் வெளிச்சம் சட்டென்று அறும். ஆளுக்குப் பதில் அடுப்புப் புகை பரவி வந்தால் மெல்ல மெல்ல மங்கும். வானத்திலும் இதே கதைதான். காற்றில்லாத ஒரு கோளம் விண்மீனை மறைக்கும்போது ஒளி கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். காற்றுப் போர்வை உள்ள கோளமாக இருந்தால், விண்மீனின் ஒளி அந்தப் போர்வைக்குள் புகுந்து வளையும், விரியும், படிப்படியாகத் தேயும். தேய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தால், அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் காற்றின் அடர்த்தியைத் தரையில் உட்கார்ந்தபடியே கணக்கிடலாம்.

அன்று காவலூரில் கிடைத்த விடையைப் பிறகு பார்க்கலாம். இந்தக் கேள்வி அதற்கு முன்பே நூறு ஆண்டுகளாகப் பல பெரிய ஆட்களைப் படாதபாடு படுத்தியிருந்தது. அதற்குக் காரணம் கோள்கள் தொலைவில் இருப்பது மட்டுமல்ல. தொலைநோக்கிக்கும் கோளுக்கும் நடுவில் நம்முடைய சொந்தக் காற்று நிற்கிறது.

விண்மீன் கண்சிமிட்டும், கோள் சிமிட்டாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். சிமிட்டுவது விண்மீன் அல்ல, நம் தலைக்கு மேலே அலையும் காற்று. அது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை வேறு. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை மட்டும் விழுங்கும். கோளிலிருந்து வரும் ஒளியை முப்பட்டகம் போன்ற கருவியால் நிறமாலையாகப் பிரித்தால், விழுங்கப்பட்ட இடங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். எந்தக் கோடு இருக்கிறதோ அந்த வாயு அங்கே இருக்கிறது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடுகிற பொருள் எது? ஆக்சிஜன், நீராவி. இரண்டும் நம் காற்றிலேயே தாராளமாக உண்டு. செவ்வாயின் ஒளி கண்ணாடியில் விழுமுன் நம் காற்றைக் கடந்து, அதே நிறங்களை இங்கேயும் இழந்துவிட்டுத்தான் வருகிறது. உப்புப் போட்ட குழம்பை ருசி பார்த்து, இதில் மாமியார் போட்டது எவ்வளவு, மருமகள் போட்டது எவ்வளவு என்று சொல்லச் சொன்னால் எப்படி?

பியர் ஜான்சன் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1867-இல் சிசிலித் தீவின் எட்னா எரிமலைமேல் ஏறினார். உயரே போனால் நம் நீராவி குறையும், செவ்வாயின் நீராவி தனியாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. தெரிந்தது என்று அறிவித்தார். மறு ஆண்டு, 1868 ஆகஸ்டில், முழுச் சூரிய கிரகணம் பார்க்க அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்து புகழ்பெற்றவர் இதே ஜான்சன்தான். லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸும் செவ்வாயில் நீராவி உண்டு என்றார். இரண்டு பெரிய மனிதர்கள் சொன்ன பிறகு உலகம் நம்பியது. செவ்வாயில் நீர் இருக்கிறது, நீர் இருந்தால் பயிர் இருக்கும், பயிர் இருந்தால் வாய்க்கால் வெட்ட ஆளும் இருக்கும் என்று கற்பனை தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

அதை நிறுத்தியவர் வில்லியம் வாலஸ் கேம்பல். கலிஃபோர்னியாவின் ஹாமில்டன் மலையில் உள்ள லிக் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1894-இல் அவர் செய்த காரியம் பார்வைக்கு மிகச் சாதாரணம். செவ்வாயும் நிலவும் வானில் ஒரே உயரத்தில் நிற்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார். நிலவில் காற்றில்லை, அதன் ஒளியில் உள்ள நீராவிக் கோடு முழுக்க முழுக்க நம்முடையது. செவ்வாயின் ஒளியில் அதே கோடு இன்னும் கறுப்பாக இருந்தால், கூடுதலாக உள்ளது செவ்வாயினுடையது. பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எந்த வித்தியாசமும் இல்லை.

கேம்பல் செவ்வாயில் நீரே இல்லை என்று சொல்லவில்லை. தன் கருவிக்குப் பிடிபடும் அளவில் இல்லை என்றுதான் சொன்னார். இந்த அடக்கம் அந்தக் காலத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. ‘இல்லை’ என்ற விடைக்குப் பத்திரிகையில் இடம் கிடைப்பது இன்றும் கஷ்டம்தான். பெர்சிவல் லோவெல் போன்ற செவ்வாய்ப் பித்தர்கள் சண்டைக்கு வந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1909-இல், கேம்பல் கருவிகளைக் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு விட்னி மலை உச்சிக்கே போனார். சுமார் 4,400 மீட்டர். அலாஸ்காவை விட்டால் அமெரிக்காவில் அதைவிட உயரமான சிகரம் கிடையாது. மூச்சுமுட்டும் குளிரில் மறுபடி அதே ஒப்பீடு, மறுபடி அதே விடை. மலையேறுவதால் நம் காற்றைக் குறைக்க முடிந்ததே தவிர, ஒழிக்க முடியவில்லை.

ஒழிக்க ஒரு தந்திரம் இருந்தது. கேம்பல் 1910-இல் அதையும் முயன்றார். நெருங்கி வரும் ரயிலின் கூவல் கூர்மையாகவும், தாண்டிப் போனதும் தணிந்தும் கேட்குமல்லவா? ஒளிக்கும் அது பொருந்தும். செவ்வாய் நம்மைவிட்டு விலகிச் செல்லும் மாதங்களில் அதன் நீராவிக் கோடு சிவப்புப் பக்கமாகச் சற்று நகர்ந்திருக்கும். நம் காற்றின் கோடு நகராது. அப்படியானால் ஒரே கோட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய இரட்டைக் கோடு தெரிய வேண்டும். கேம்பலின் கருவியில் தெரியவில்லை. யோசனை சரி, கருவிதான் போதவில்லை. இந்தத் தந்திரத்தை வாசகர் மனதில் வைத்திருக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்து வேறு உருவத்தில் திரும்பி வரும்.

நம் காற்றில் இல்லாத வாயுக்களைத் தேடியவர்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே வேறு சிக்கல். பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1869-இல் யுரேனஸின் ஒளியில் பட்டையான கறுப்புத் தடங்களைப் பார்த்தார். என்ன வாயு என்று தெரியவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடங்கள் பெயரில்லாமலே இருந்தன. 1932 வாக்கில் ஜெர்மனியில் ரூபர்ட் வில்ட் என்ற இளைஞர், வியாழனிலும் மற்றப் பெரிய கோள்களிலும் தெரியும் தடங்கள் மீத்தேனும் அம்மோனியாவும் என்று கண்டு சொன்னார். சாக்கடையிலும் சதுப்பிலும் எழும் வாயு, மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் வாயு. தேவதைகளின் பெயர் கொண்ட கோள்களில் இருந்தது இதுதான். அதே 1932-இல் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியில் வால்டர் ஆடம்ஸும் தியோடர் டன்ஹமும் வெள்ளியை அகச்சிவப்பில் படம்பிடித்தார்கள். ஆக்சிஜனும் நீராவியும் தேடப் போனார்கள். யாரும் எதிர்பார்க்காத கரியமில வாயு அகப்பட்டது. மேகம் மூடிய வெள்ளிக்குக் கீழே பசுமையான சதுப்புக்காடு இருக்கும் என்று எழுதிக்கொண்டிருந்தவர்களின் பேனா அன்றே உலர்ந்திருக்க வேண்டும். உலரவில்லை என்பது வேறு கதை.

ஜெரார்ட் கைப்பர் போர்க்காலத்தில் ரேடார் சார்ந்த ஆய்வில் இருந்தவர். 1943-44 குளிர்காலத்தில் கிடைத்த விடுப்பில் டெக்சாஸின் மெக்டொனால்ட் வானாய்வகத்துக்குப் போய், 82 அங்குலத் தொலைநோக்கியைப் பெரிய நிலவுகளின் பக்கம் திருப்பினார். சனியின் நிலவான டைட்டனில் மீத்தேன் தடம் தெளிவாக இருந்தது. ஒரு நிலவுக்கு வளிமண்டலம் உண்டு என்று நிறமாலை மூலம் நிரூபிக்கப்பட்டது அதுவே முதல்முறை. போர் முடிந்ததும், ராணுவத்துக்காக உருவான அகச்சிவப்பு உணரிகளைப் பயன்படுத்தி, 1947-இல் செவ்வாயில் கரியமில வாயுவையும் பிடித்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் கைப்பரின் சக ஊழியர் ஒருவர், நம் ஊரில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். இருவரையும் ஆட்டோ ஸ்ட்ரூவே என்ற இயக்குநர்தான் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அங்கே அழைத்துக்கொண்டார். ஒளி ஒரு வாயு மண்டலத்துக்குள் எப்படிச் சிதறி, எப்படி வெளியே வருகிறது என்பதற்குச் சந்திரசேகர் எழுதிய கணிதம் 1950-இல் நூலாக வந்தது. இன்றும் தொலைதூரக் கோள்களின் காற்றைக் கணினியில் மாதிரி செய்கிறவர்கள் அந்த நூலின் வழியாகத்தான் போகிறார்கள். சந்திரசேகரைப் பற்றி நாம் பேசும்போது விண்மீனின் சாவு பற்றிய வரம்பு மட்டுமே நினைவுக்கு வருகிறது. இந்தப் பங்கு எப்போதும் விட்டுப்போகிறது.

செவ்வாயின் நீராவிக்கு 1963 ஏப்ரலில் விடை கிடைத்தது. ஹைரன் ஸ்பின்ராட், கீதோ முன்ச், லூயிஸ் கேப்லன் மூவரும் வில்சன் மலையின் அதே 100 அங்குலத் தொலைநோக்கியில், அகச்சிவப்புக்கு உணர்வூட்டிய புகைப்படத் தட்டை வைத்து மணிக்கணக்கில் ஒளி சேர்த்தார்கள். செவ்வாய் வினாடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருந்தது. கேம்பல் தேடிய இரட்டைக் கோடு, நம் நீராவிக் கோட்டின் ஓரத்தில் மயிரிழையாக நின்றது. செவ்வாயின் நீராவி முழுவதையும் நீராக்கித் தரையில் பரப்பினால், ஒரு மில்லிமீட்டரில் எழுபதில் ஒரு பங்கு ஆழம் வரும். அவ்வளவுதான். ஜான்சனும் ஹக்கின்ஸும் பார்த்தது இதுவாக இருந்திருக்கவே முடியாது. அவர்கள் நம் காற்றையே பார்த்துவிட்டு செவ்வாய் என்றார்கள்.

அதே தட்டிலிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. செவ்வாயின் காற்றழுத்தம் 85 மில்லிபார் இருக்கும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். இவர்கள் கணக்கில் சுமார் 25 ஆகக் குறைந்தது. 1965-இல் மாரினர்-4 விண்கலம் பக்கத்தில் போய் அளந்தபோது இன்னும் சரிந்து ஐந்தாறு மில்லிபாருக்கு வந்தது. பூமியில் ஆயிரத்துச் சொச்சம். இறக்கை வைத்துச் செவ்வாயில் மிதந்து இறங்கலாம் என்று வரைபடம் போட்டவர்கள் அவற்றைச் சுருட்டி வைக்க வேண்டியதாயிற்று.

இப்போது காவலூருக்குத் திரும்பலாம்.

வைணு பாப்பு 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்தவர். கொடைக்கானல் சூரியனைப் பார்க்க நல்ல இடம். இரவு வானத்துக்கு மேகம் தொல்லை. தெற்கு வானமும் தெரிய வேண்டும், ஊர் வெளிச்சமும் இருக்கக்கூடாது என்று தேடி ஜவ்வாது மலையைத் தேர்ந்தார். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1968-இல் காவலூரில் வேலை தொடங்கியது. விட்னி மலையோடு ஒப்பிட்டால் காவலூர் மேடு. ஈரப்பதம் அதிகம், மழை மாதங்கள் வீண். செவ்வாயின் நீராவியைத் தேட அங்கே யாரும் போகமாட்டார்கள். ஆனால் விண்மீன் மறைப்புக்கு உயரம் பெரிய விஷயமில்லை. நிழல் விழும் இடத்தில் நல்ல கண்ணாடியோடு விழித்திருக்க வேண்டும், அவ்வளவே. அந்த அகலாங்கில், அந்தத் தீர்க்கரேகையில், அந்த நாளில் காவலூர் இருந்தது. உலகின் பெரிய மலைகளுக்கு அது வாய்க்கவில்லை.

1972 ஜூனில் காவலூரும் ஜாவாவின் லெம்பாங் நகரத்து போஸ்கா வானாய்வகமும் கானிமீடின் மறைப்பைப் பதிவு செய்தன. ஒளி வெட்டியதுபோல் அறவில்லை என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள். மறு ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. ஆசிரியர் பட்டியலில் காவலூரின் ஜே.சி. பட்டாச்சார்யா, லெம்பாங்கின் பம்பாங் ஹிதாயத், மறைப்புக் கணக்கில் கைதேர்ந்த பிரிட்டனின் கார்டன் டெய்லர் எல்லோரும் உண்டு. கானிமீடுக்குக் காற்று உண்டு, அதன் அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தில் குறைந்தது பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருக்கும் என்றது கட்டுரை.

இந்தக் கதையை நம் ஊரில் இங்கேயே நிறுத்திவிடுவது வழக்கம். நிறுத்தக்கூடாது. 1979-இல் வாயேஜர்-1 வியாழனைக் கடந்தபோது, கானிமீட் இன்னொரு விண்மீனை மறைப்பதைப் புறஊதாக் கருவியால் பார்த்தது. காற்று இருந்தாலும், அது 1972-இல் சொன்னதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியதாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. தொண்ணூறுகளில் ஹபிள் தொலைநோக்கி அங்கே மிக மிக மெல்லிய ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது. ஆக, காற்று உண்டு என்ற விடை ஒருவகையில் சரி, அளவு தப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜான்சன் செய்த தவறும் இதுவே, செவ்வாயின் அழுத்தத்தை 85 என்று சொன்னவர்கள் செய்த தவறும் இதுவே. தரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தொழில் நோய்.

1972-க்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, காவலூரின் அதே தொலைநோக்கிக்கு இன்னொரு மறைப்பு வாய்த்தது. 1977 மார்ச் 10. துலாம் ராசித் திசையில் எஸ்.ஏ.ஓ. 158687 என்ற எண் கொண்ட ஒரு மங்கலான விண்மீனை யுரேனஸ் மறைக்கப்போகிறது. இதையும் முன்கூட்டிச் சொன்னவர் டெய்லர். யுரேனஸின் மேல்காற்றின் வெப்பநிலையை அளக்க இது அரிய வாய்ப்பு. காவலூரில் பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும், நைனிடாலில் அதே 1972-இல் நிறுவிய, இதே ஸைஸ் தொழிற்சாலையின் இன்னொரு தொலைநோக்கியில் வேறு சிலரும், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் ஆப்பிரிக்காவின் கேப்டவுனிலும் மற்றவர்களும் தயாராக இருந்தார்கள். நிழலின் நடுப்பகுதி இந்தியப் பெருங்கடலில் தெற்கே விழுந்தது. கடலில் தொலைநோக்கி வைக்க முடியாது. எனவே அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழு, 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்திய ஒரு விமானத்தில் பெர்த்திலிருந்து கிளம்பிக் கடலுக்கு மேலே பறந்தது. அந்த விமானத்தின் பெயர் கைப்பர் வான்வழி ஆய்வகம். டைட்டனில் மீத்தேன் கண்டவரின் பெயர்தான்.

எலியட் குழு முன்னெச்சரிக்கையாக நேரத்தோடு பதிவைத் தொடங்கியிருந்தது. யுரேனஸ் விண்மீனைத் தொட இன்னும் அரைமணிக்கு மேல் இருக்கும்போதே, பதிவுத் தாளில் ஓடிய கோடு சட்டென்று கீழே விழுந்து எழுந்தது. மேகமா, கருவிக் கோளாறா என்று விமானத்துக்குள் பேச்சு. மறுபடி விழுந்தது, மறுபடி எழுந்தது. மொத்தம் ஐந்து முறை. யுரேனஸ் விண்மீனை மறைத்து, விட்டுவிட்டு நகர்ந்த பிறகு, மறுபக்கத்திலும் அதே போலச் சரிவுகள். காற்றைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது வளையங்கள். சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று முந்நூறு ஆண்டுக்கும் மேலாக இருந்த நினைப்பு அன்றிரவு உடைந்தது.

காவலூரின் பதிவிலும் சரிவு இருந்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார்கள். கட்டுரையின் தலைப்பு: யுரேனஸின் புதிய நிலவு. எலியட் குழுவின் வளையக் கட்டுரை வந்த அதே இதழில், சில பக்கம் தள்ளி, அது அச்சாகியிருக்கிறது. ஒரே ஒரு சரிவை வைத்து அது நிலவா, வளையமா என்று பிரித்துச் சொல்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூரின் பதிவை மறுபடி எடுத்துக் கூர்ந்து பார்த்தார்கள். முதலில் இரைச்சல் என்று தள்ளிய சின்னச் சின்னச் சரிவுகள் அதில் கிடந்தன. யுரேனஸுக்குச் சனியைப்போல வளையத் தொகுதியே உண்டு என்று அந்த ஆண்டு முடிவதற்குள் ‘நேச்சர்’ இதழில் அவர்களே எழுதினார்கள். ‘காவலூரில் வளையம் கண்டுபிடித்தார்கள்’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுவதைவிட, தப்பாகப் படித்த தாளைத் திரும்ப எடுத்துப் படித்தார்கள் என்பது நல்ல கதை.

எலியட் இந்த வித்தையை விடவில்லை. 1988 ஜூன் 9 அன்று புளூட்டோ ஒரு விண்மீனை மறைத்தபோது, அதே விமானத்தில் அவர் குழு இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தரையில் பலர் இருந்தார்கள். ஒளி வெட்டியதுபோல் நிற்கவில்லை, தேய்ந்தது. சூரியனிலிருந்து அவ்வளவு தள்ளிக் கிடக்கும் பனிக்கட்டிக்கும் காற்று உண்டு என்று உறுதியாயிற்று. 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அந்தக் காற்றின் நீலப் புகைமூட்டத்தைப் படமெடுத்து அனுப்பியது.

அதுவரை எல்லாம் சூரியக் குடும்பத்துக்குள். 1995-இல் பிரான்ஸின் ஓத்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் மிஷேல் மேயோரும் திதியே கெலோவும், சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டார்கள். அதன் பிறகு கேள்வி பழையபடி எழுந்தது: அங்கே காற்று உண்டா? இம்முறை கோளைப் பார்க்கவே முடியாது. விண்மீனின் ஒளியில் அது கண்கூசி மறைந்துவிடுகிறது. ஆனால் சில கோள்கள் நம் பார்வைக்கோட்டில் தங்கள் விண்மீனின் முகத்தைக் கடந்து போகும். கானிமீடின் கதை தலைகீழாக: முன்பு கோளம் விண்மீனை முழுக்க மறைத்தது, இங்கே கோள் விண்மீனின் நூறில் ஒரு பங்கை மட்டும் மறைக்கிறது. 1999-இல் கொலராடோவின் போல்டர் நகரில் டேவிட் ஷார்போனோ, 10 சென்டிமீட்டர் கருவியால் ஹெச்.டி. 209458 என்ற விண்மீனின் அந்தச் சிறு மங்கலை அளந்தார். கோளைச் சுற்றிக் காற்று இருந்தால், கடப்பின்போது அதன் விளிம்பு வழியே விண்மீனின் ஒளி கொஞ்சம் கசிந்து வரும். அந்தக் கசிவில் கோளின் காற்று விட்டுச்செல்லும் தடம், நூறில் ஒன்றுக்கும் நூறில் ஒரு பங்கு. பத்தாயிரத்தில் ஒன்று.

முதலில் வென்றது விண்வெளியில் இருந்த ஹபிள்தான். அதற்கு நடுவில் காற்றில்லை. 2001-இல் ஹெச்.டி. 209458-இன் கோளில் சோடியம் என்று அறிவித்தது. (அது உண்மையில் கோளின் சோடியம்தானா, அல்லது விண்மீனின் சுழற்சி காட்டிய மாயமா என்று, தரைத் தொலைநோக்கிகளின் கூர்மையான நிறமாலைகள் இருபது ஆண்டு கழித்துக் கேள்வி கேட்டன. சண்டை இன்னும் ஓயவில்லை.) தரையிலிருந்து முதல் வெற்றி 2008-இல் வந்தது. செத் ரெட்ஃபீல்ட் குழு, மற்றொரு விண்மீனான ஹெச்.டி. 189733-இன் கோளுடைய பல கடப்புகளைச் சேர்த்துச் சோடியத்தைக் கண்டது. தொலைநோக்கி இருந்த இடம் மெக்டொனால்ட் வானாய்வகம். அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் கைப்பர் விடுப்பில் போன அதே இடம்.

கேம்பலின் தந்திரம் திரும்பி வந்த இரவு 2009 ஆகஸ்ட் 7. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரமுள்ள பரனால் மலையில் இக்னாஸ் ஸ்னெல்லன் குழு ஐந்து மணி நேரம் ஹெச்.டி. 209458-ஐயே பார்த்துக்கொண்டிருந்தது. தொலைநோக்கியின் கண்ணாடி 8.2 மீட்டர். அந்தக் கோள் தன் விண்மீனை வினாடிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. கடக்கத் தொடங்கும்போது நம் பக்கமாகச் சற்று நெருங்கும், முடியும்போது விலகும். அதனால் அதன் காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடின் கோடுகள் அந்தச் சில மணி நேரத்தில் நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கமாக நழுவிக்கொண்டே போகும். நம் காற்றின் கோடுகள் ஆணியடித்ததுபோல் நிற்கும். நிற்பதை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது நழுவுவது. தனியாகப் பார்த்தால் ஒரு கோடுகூடத் தெரியாது. பல கோடுகளை அடுக்கி ஒன்றாக்கியபோது தெரிந்தது. கேம்பலுக்கு ஒரே ஒரு மயிரிழை நகர்வு தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. இவர்களுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் கோடுகள் கிடைத்தன. கணக்கில் இன்னொரு பிசகும் தென்பட்டது. கோடுகள் எதிர்பார்த்த இடத்திலிருந்து வினாடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு நீலப் பக்கம் ஒதுங்கியிருந்தன. கோளின் சூடான பக்கத்திலிருந்து இருட்டுப் பக்கத்துக்குக் காற்று அந்த வேகத்தில் அடிக்கிறது என்று குழு விளக்கியது. நம் கடற்கரையைப் புரட்டிப்போடும் புயலெல்லாம் மணிக்கு இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர். அங்கே ஏழாயிரம்.

அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. 2018-இல் லா பால்மா தீவின் கலிலியோ தொலைநோக்கியில் கெல்ட்-9பி என்ற கோளின் காற்றில் இரும்பும் டைட்டானியமும் ஆவியாக இருப்பது தெரிந்தது. அதன் பகல் பக்கம் 4,000 டிகிரியைத் தொடும். 2020-இல் பரனாலில், வாஸ்ப்-76பி கோளின் மாலை விளிம்பில் இரும்பு ஆவி இருக்கிறது, காலை விளிம்பில் இல்லை என்று கண்டார்கள். இரவுப் பக்கத்தில் இரும்பு மழையாகப் பெய்துவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் தலைப்பிட்டன. அது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. 2025 பிப்ரவரியில், பரனாலின் நான்கு பெரிய தொலைநோக்கிகளையும் ஒன்றாகக் கோத்து, வாஸ்ப்-121பி கோளின் காற்றை அடுக்கடுக்காகப் பிரித்துப் படித்த முடிவு வெளியானது: கீழே இரும்பு, நடுவில் சோடியம், மேலே ஹைட்ரஜன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வீசுகிறது.

இவையெல்லாம் கொதிக்கிற, வியாழன் அளவு பெரிய கோள்கள். பூமியைப்போன்ற பாறைக் கோளின் காற்றில் ஆக்சிஜன் தேட 8 மீட்டர் கண்ணாடி போதாது. பரனாலுக்கு எதிரே அர்மசோனஸ் மலையில் 39 மீட்டர் கண்ணாடி எழுகிறது. 798 அறுகோணத் துண்டுகளை ஒட்டவைத்தது. அது கண்திறந்த பிறகும் நடுவில் நம் ஆக்சிஜன் நிற்கும். கேம்பலின் நகர்வை நம்பித்தான் அங்கேயும் தேடப்போகிறார்கள்.

காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கு 2022 டிசம்பரில் பொன்விழா எடுத்தார்கள். அதே வளாகத்தில் 2014-இல் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று புதிதாக நிறுவப்பட்டது. அதற்கு வைத்த பெயர் ஜே.சி. பட்டாச்சார்யா. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதையும் லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியையும் வைத்து, வாஸ்ப்-12பி உள்ளிட்ட சில கோள்களின் கடப்பை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். கோளின் அகலத்தைக் கணக்கிட அந்தக் கண்ணாடிகள் போதும். அதன் காற்றைப் பிரித்துப் படிக்கப் போதாது.